சனிக்கிழமைச் சண்டை

பூங்காவனத்துக்கு முதல் கவலையே இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான். ஆறாம் வகுப்போடு நின்றவள். நின்ற நாளிலிருந்து நாற்பத்தேழு வயதாகும் இன்றுவரை, எந்தச் சேதியையும் மனசுக்குள் மூன்று தரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள், அப்படியும் அது எங்கேயாவது ஓரிடத்தில் பிசகிவிடும். ஒரு தரம் குப்புலிங்கத்தின் மாமியார் தவறிப்போனாள் என்று கேட்டுவந்து குப்புலிங்கத்தின் அம்மா என்று சொல்லிவிட்டாள். நான்கு ஊர்ச் சொந்தம் மாலையோடு வந்து இறங்கியபோது அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதையெல்லாம் ஊர் சிரித்து மறந்துவிட்டது. இந்தத் தரம் அவள் பிசகியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால், செம்மேட்டுத் தாங்கல் ஏரிக்குள் முகாம் போட்டிருக்கும் இரண்டு படைகளும் சனிக்கிழமை காலை மோதிக்கொள்ளப் போகின்றன, லால்கான் பாயும் அவருடைய பெட்டைக்குதிரை சாந்தினியும் முதல் ஆளாகப் போய் விழப்போகிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்க, ஷூ கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டே, நடந்ததை முதலிலிருந்து ஒரு தையல்கூட விடாமல் அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படைகள் வந்தது மாசிக் கடைசியில், தாங்கல் வற்றி நடுவில் மட்டும் ஒரு குட்டை மிஞ்சியிருந்த சமயம். எங்கேயோ நடந்த ஒரு சண்டைக்குப் புறப்பட்டவர்கள் வழி தவறியதில் இருநூற்றுச் சொச்சம் வருஷம் தாமதமாகிவிட்டது. கிழக்குக் கரையில் பனைமரங்களை ஒட்டி ஒரு நவாபின் குதிரைப்படை, முந்நூறு குதிரை, ஒரு யானை, யானைமேல் ஒரு தளபதி. மேற்குக் கரையில் பைபாஸ் ரோட்டை ஒட்டிக் கும்பினியின் காலாட்படை, சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் இருநூறு பேர், ஒரு முரசு, வெயிலில் முகமெல்லாம் உரிந்துபோன சின்னதுரை ஒருவர். முதலில் பார்த்தது பால் சொசைட்டி வண்டிக்காரர்தான். கேன் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், குதிரையைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள் என்றார், அவர்கள் நிறுத்தினார்கள், அவர் போய்விட்டார்.

மறுநாள் விஏஓ வந்து, நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டு, இரண்டு தரப்பிடமும் பட்டா கேட்டார். குதிரைக்காரர்கள் முத்திரை வைத்த பாரசீகக் காகிதம் ஒன்றைக் காட்டினார்கள், கும்பினிக்காரர்கள் சுருள் எழுத்தில் எழுதிய இங்கிலீஷ் காகிதம் ஒன்றைக் காட்டினார்கள். அவர் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிப் போனார். ஊராட்சித் தலைவி ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி அனுப்பினாள். நூறு நாள் வேலைப் பெண்கள் குதிரை நிற்காத இடமாகப் பார்த்துத் தூர் வாரினார்கள். குதிரைச் சாணம் கத்தரித் தோட்டங்களுக்குப் போனது, அந்த வருஷம் கத்தரிக்காய் உள்ளங்கையில் அடங்கவில்லை. ஆனால் ஊரில் கொள்ளு மட்டும் கிடைக்காமல் போய், கொள்ளு ரசத்தின் வாசனையையே ஜனங்கள் மறந்தார்கள். அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது என்று சரித்திர வாத்தியார் போய்ச் சொன்னபோது இரண்டு தரப்பும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன, யார் ஜெயித்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லாமல் திரும்பிவிட்டார்.

ஒரு மாசத்துக்குள் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. மொபெட்டு, பைக் வைத்திருந்தவர்கள் குதிரைக் கட்சி. நடந்துபோகிறவர்களும் பஸ்ஸை நம்பியிருந்தவர்களும் காலாள் கட்சி. பூங்காவனத்தின் புருஷன் ஏகாம்பரம் பழைய மொபெட்டு ஒன்று வைத்திருந்ததால் குதிரைக் கட்சியில் முக்கியஸ்தன்; டீக்கடை முன்னால் வண்டியைச் சாய்த்துத் திருப்பி நிறுத்துகிற தோரணையே மாறிவிட்டது. ரேஷன் கடையில் காலாள் கட்சிப் பெண்கள் சிப்பாய்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மூன்று வரிசையாக நின்றார்கள், முன்வரிசை குந்தியது, நடுவரிசை குனிந்தது, பின்வரிசை நிமிர்ந்து நின்றது, மூன்று பேர் மூன்று பையை ஒரே சமயத்தில் நீட்டினார்கள். குதிரைக் கட்சி ஆண்கள் வரிசைக்கே வராமல், வருவதுபோல வந்து, திரும்பிப் போவதுபோல போய், எல்லாரும் அசந்த நேரத்தில் பக்கவாட்டில் புகுந்து மண்ணெண்ணெயோடு போய்விட்டார்கள். கடைக்காரர் இரண்டு முறைக்கும் பழகிக்கொண்டார்.

பூங்காவனம் எந்தக் கட்சியிலும் இல்லை, ஏனென்றால் அவள் இரண்டு படைக்கும் நடுவில் தினமும் இரண்டு தரம் நடக்க வேண்டியிருந்தது. வீடு கிழக்கே, கம்பெனி பஸ் நிற்பது மேற்கே பைபாஸில், சுற்றிப் போனால் பஸ் போய்விடும். முதல் நாள் குதிரைக்காரர்கள் அவளை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, பழக்கத்தில் கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டாள். பத்து வாள் உறையை விட்டு வெளியே வந்தது. அவள், செருப்பு தைக்கிற கம்பெனி, ஐயா, வேற கம்பெனி இல்ல என்று கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் இருந்த அவள் போட்டோவைப் பார்த்து, இவ்வளவு பயந்த முகம் ஒற்றன் முகமாக இருக்காது என்று சிரித்து வழிவிட்டவர்தான் லால்கான். மேற்குக் கரையில் அதற்கு நேர்மாறு. கம்பெனி என்ற சொல்லைக் கேட்டதுமே அவில்தார் தம்புசாமி அவளுக்கு சல்யூட் அடித்தான், அன்று முதல் அவனுக்கு அவள் அக்கா.

ஐந்தாறு நாளில் லால்கானின் சேணவார் ஒன்று அறுந்தது. வீட்டு மிஷினில் தோல் ஓடாது, ஊசி முறியும் என்று அவளுக்குத் தெரியும்; குத்தூசியும் மெழுகு நூலும் எடுத்துப்போய்க் கையாலேயே தைத்துக்கொடுத்தாள். தைக்கும்போது சாந்தினி, நிலா நிறத்தில் இருந்த அந்தக் குதிரை, அவள் முந்தானையில் முடிந்திருந்த வெல்லத்தை அவிழ்த்துத் தின்றது. பூங்காவனம் தன் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதுபோல அதைக் கடிந்துகொண்டாள், மறுநாள் வெல்லம் கொஞ்சம் அதிகமாக முடிந்துகொண்டு போனாள்.

இப்படித்தான் அவள் இரண்டு படைகளின் சங்கதியையும் வேண்டாமலே கற்றுக்கொண்டாள். எங்கள் ஆட்கள் நேராகப் போய் முட்டுகிறவர்கள் இல்லை, தங்கச்சி, என்பார் லால்கான். பிறை மாதிரி விரிந்து போவார்கள், நெருங்கியதும் பயந்து ஓடுவதுபோலத் திரும்புவார்கள், துரத்திக்கொண்டு வருகிறவன் வரிசை கலைந்ததும் இரண்டு பக்கமும் மூடிக்கொள்வார்கள். அதற்கும் மசியாதவனை விட்டுவிட்டு, அவனுடைய மாடு, தானியம், புல்லு, தண்ணீர் நான்கையும் மறித்து, பசியை விட்டு அவனோடு சண்டை போடச்சொல்வார்கள். வாளுக்கு வாள் என்று வந்துவிட்டால் ஒவ்வொருவனும் தனித்தனி ராஜா. யானைமேல் இருக்கும் தளபதி விழுந்தால் மட்டும் அத்தனை பேரும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு நாள் சாந்தினியின் தொடையில் சூடு போட்ட அடையாளத்தைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "இவ நவாபு குடுத்தது இல்ல, தங்கச்சி. நான் கொண்டுவந்தது. இவ நிக்கிறவரைக்கும்தான் நான் சவாரி, குதிரைக்காரன். இவ விழுந்துட்டா நாளைக்கு நான் வெறும் லால்கான்."

அந்தப் பேச்சு அவளுக்கு உடனே புரிந்தது. வீட்டில் இருக்கும் தையல் மிஷின் அவள் அம்மா வாங்கிக்கொடுத்தது. அதன்மேல் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் அவளுக்குத் தூக்கம் வராது. கம்பெனி மிஷின்மேல் டீயே கொட்டியிருக்கிறாள், சூப்பர்வைசர் கத்தினான், அவ்வளவுதான்.

மேற்குக் கரையில் தம்புசாமி வேறு மாதிரி சொன்னான். எங்களில் யாரும் ராஜா இல்லை, அக்கா. முரசு சொன்னால் கால் எடுப்போம், முரசு சொன்னால் கால் வைப்போம். மருந்து கொட்டுவது, குண்டு போடுவது, குச்சியால் கெட்டிப்பது எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. முன்வரிசை சுட்டதும் அடுத்த வரிசை சுடும், அது முடிவதற்குள் முதல் வரிசை தயாராகிவிடும். பக்கத்து ஆள் விழுந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பின்னால் இருப்பவன் அந்த இடத்தில் வந்து நிற்பான். துரை விழுந்தால் அடுத்த துரை, அவனும் விழுந்தால் அவில்தார். அவளுக்கு அது அப்படியே கம்பெனி லைன் மாதிரி இருந்தது; ஒருத்தி பாத்ரூம் போனால் ரிலீவர் வந்து உட்காருவாள், பெல்ட் நிற்காது. சின்னதுரை அவர் தேசத்துக் கதையைச் சொல்ல, தம்புசாமி தமிழில் சொன்னான்: அங்கேயும் ஒரு காலத்தில் குதிரை வைத்திருந்தவன்தான் பெரிய ஆள், அப்புறம் நீள ஈட்டி பிடித்த காலாட்கள் நெருக்கி நின்று அவனை நிறுத்தினார்கள், அப்புறம் துப்பாக்கி வந்தது, இருந்தாலும் அங்கே குதிரைகள் இங்கே மாதிரி மழைபோலச் சிதறி வராது, முழங்காலோடு முழங்கால் உரச, சுவர் ஒன்று எழுந்து ஓடிவருவதுபோல வரும்.

"துப்பாக்கி உன்னுதா தம்பி?" என்று கேட்டாள்.

"கும்பினியோடது. சட்டையும் கும்பினியோடது. தொலைஞ்சா அவங்களுக்குத்தான் நஷ்டம்."

"நீ செத்தா?"

"நானும் கும்பினியோடதுதான், அக்கா."

அவளுக்கு அவன்மேலும் பிரியம் வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் லால்கான் அவளிடம் ஒன்று கேட்டார். ஒரு தரம் சுட்டுவிட்டு அடுத்த குண்டு போடுவதற்குள் நல்ல குதிரை கிட்டே போய்விடும். அப்போது அவர்கள் கையில் என்ன இருக்கும்? அவள் மேற்குக் கரைக்கு வந்து, கூழ் குடித்துக்கொண்டிருந்த தம்புசாமியிடம் வெள்ளந்தியாகக் கேட்டாள். அவன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே, "அதுக்குத்தான் சனியன் இருக்குதே அக்கா. ஆளுக்கு ஒரு சனியன்" என்றான். மேற்கொண்டு கேட்பதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸில் ஒரு தரம், லைனில் ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம் என்று வழக்கப்படி மூன்று தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது ஓட்டத்தில் 'இருக்குது' என்பது 'பிடிச்சிருக்குது' ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் லால்கானிடம் அவள் சொன்னது இதுதான்: "பாவம் பாய், அவங்க எல்லாரையும் சனியன் புடிச்சிருக்குது. ஆளுக்கு ஒரு சனியன்."

கிழக்குக் கரையில் அன்றைக்கே தளபதி யானையை விட்டு இறங்கிச் சோசியரைக் கூப்பிட்டார். சோசியர் கட்டம் போட்டுப் பார்த்து, இருநூறு பேரையும் ஒன்றாகச் சனி பிடித்திருப்பது லேசில் கிடைக்காத வாய்ப்பு, சனிக்கிழமை காலையில் அவர்கள் கால் கட்டிப்போட்டதுபோல இருக்கும், பிறை எதற்கு, நேராகவே போய் மிதித்துவிடலாம் என்றார். முதலில் போவதற்கு யார் என்று கேட்டபோது, சேதி கொண்டுவந்தவர் என்ற மரியாதையை லால்கானுக்குக் கொடுத்தார்கள்.

ஊருக்கும் சேதி பரவியது. ஊருக்கு அதில் இரக்கம்தான் வந்தது. கட்சி பார்க்காமல் பெண்கள் எல்லாரும் நவக்கிரகத்துக்கு எள் விளக்குப் போட்டார்கள், சிப்பாய்களின் நட்சத்திரம் கேட்டு எழுதிக்கொண்டுபோய் அர்ச்சனை செய்தார்கள், தினம் ஒரு தெருவாக முறைவைத்து எள்ளுச்சோறு கிளறி மேற்குக் கரைக்கு அனுப்பினார்கள். சின்னதுரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு கை கேட்டார். காக்கைகளுக்கு அந்த வாரம் நல்ல வேட்டை.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்புசாமி அவளை மறித்து, "ஏங்க்கா, ஊரே சேந்து எங்களுக்கு எள்ளுச்சோறு போடுதே, இன்னா விசேஷம்?" என்று கேட்டான். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் சிரித்தான், சிரிப்புத் தாளாமல் மண்ணில் உட்கார்ந்தான், பிறகு எழுந்து இடுப்பு உறையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு மூன்று பட்டை இரும்பை உருவித் துப்பாக்கி முனையில் 'டக்'கென்று மாட்டினான். "இதுதான் அக்கா சனியன். பட்டாளத்துல இந்தக் கத்திக்கு அதான் பேரு."

அவள் அந்த முனையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கும்பினிக்காரனுக்குத் துப்பாக்கியும் ஈட்டியும் ஒன்றாகிப்போனது இப்படித்தான் என்று அவன் பெருமையாக விளக்கினான். குதிரை வருகிறது என்றால் படை சதுரமாக மடங்கிவிடும், நான்கு பக்கமும் முகம், முதுகு என்பதே கிடையாது. முன்னால் இருப்பவன் குந்தித் துப்பாக்கிக் கட்டையை மண்ணில் ஊன்றி, சனியனைக் குதிரையின் நெஞ்சுக்கு நேராக நீட்டுவான். குதிரைக்குப் புத்தி உண்டு, முள்வேலியில் வந்து விழாது. ஆனால் பின்னால் வரும் குதிரைகள் முன்னால் வரும் குதிரையைத் தள்ளும். சொல்லி முடித்ததும் அவனுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தி, "அங்க போய்ச் சொல்லிடாதக்கா. தெரிஞ்சா துரை உன்னையும் தொங்கவிடுவாரு, என்னையும் தொங்கவிடுவாரு" என்றான்.

வீட்டில் ஏகாம்பரம் அதையே வேறு மாதிரி சொன்னான். "ரெண்டு நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்டுல கெட. இட்லி வெந்துச்சான்னு நாலு வாட்டி தொறந்து பாக்கிறவ, உனக்கு எதுக்குப் படையோட சங்கதி?" அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் கண்ணை மூடினால் சாந்தினியின் நெஞ்சும், அதில் அவள் தைத்த வாரின் தையலும் தெரிந்தன.

இவ்வளவையும்தான் அவள் வெள்ளிக்கிழமை பகலெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, தம்புசாமியின் கண்ணைப் பார்க்காமல் குட்டையைத் தாண்டி, லால்கான் குதிரைக்குப் பிடரி வாரிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள்.

"பாய், நான் தப்பா சொல்லிட்டன். சனியன் அவங்களப் புடிக்கல. அவங்கதான் சனியனப் புடிச்சிருக்காங்க, கையில. அது ஒரு கத்தி, துப்பாக்கி மூக்குல மாட்டறது. நாலு பக்கமும் ஊசி குத்திவெச்ச மாதிரி நிப்பாங்க. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் அந்த எடத்துல வந்துடுவான், எங்க லைன்ல நிக்கிற மாதிரி. நீங்க எத்தினி பேர மிதிச்சாலும் அது நிக்காது. நீங்க சொந்த மிஷினக் கொண்டுபோய்ச் சுவத்துல மோதாதீங்க."

அவர் பிடரியை வாரி முடித்தார். பிறகு, சொல் கொடுத்தாயிற்று, போகாவிட்டால் பயந்தவன் என்பார்கள், ஒரு சவாரிக்கு அதைவிட அவமானம் இல்லை என்றார். பயமாக இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அவராகவே, எனக்கில்லை, தங்கச்சி, இவளுக்காக என்று சொல்லி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கடிவாளத்தை அவள் கையில் வைத்தார். நாளைக்குக் கேட்டால் லாடம் கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொள்வாராம். நடந்தே போவாராம்.

மறுநாள் விடிந்து வாசல் தெளிக்க வந்த பெண்கள் தண்ணீர்ச் சொம்போடு நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் ஒரு குதிரை, சில வீட்டில் இரண்டு, இடம் போதாத வீட்டில் மொபெட்டைக் கட்டிலோரம் தள்ளிவிட்டு ஒரு குதிரை. லால்கான் தன் ஜோடிச் சவாரியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவன் தன் மச்சானிடம் மட்டும்தான் சொன்னான். முந்நூறு பேரும் ஆளுக்கொரு வீட்டில், வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பி, குதிரையைத் தட்டிக்கொடுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முந்நூறு குதிரைக்கும் லாடம் கழன்றிருந்தது. யானையையும் யாரோ பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு பூங்காவனம் ஏரிக்கரையில் நின்று பார்த்தாள், ஊரும் நின்று பார்த்தது. கிழக்கேயிருந்து குதிரைப்படை கால்நடையாக இறங்கி வந்தது. சேணத்தில் உட்கார்ந்தே வளைந்துபோன கால்கள், கையில் வாள், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே சரியாக ஒரு குதிரை நிற்கிற அளவுக்கு இடைவெளி. தளபதி முன்னால், இல்லாத கடிவாளத்தைப் பிடித்ததுபோல இடக்கையை வைத்துக்கொண்டு நடந்தார். மேற்கே முரசு அடித்தது, சிவப்புச் சட்டைகள் சதுரமாக மடங்கின, சனியன்கள் வெயிலில் மினுங்கின.

அப்போது சின்னதுரை கையிலிருந்த புஸ்தகத்தைத் திறந்தார். குதிரை வந்தால் சதுரம் என்று அதில் இருந்தது, ஆனால் குதிரையைக் காணோம். காலாள் வந்தால் நீள வரிசை என்று இருந்தது. வரிசையாக நிற்கச்சொன்னார், ஆனால் எதிரே வருகிறவர்கள் நடப்பது எப்படிப் பார்த்தாலும் குதிரைப்படையாகவே இருந்தது, மறுபடி சதுரமாகச் சொன்னார். சதுரம் வரிசையானது, வரிசை சதுரமானது, நான்கைந்து தரம். எதிர்ப்பக்கம் குதிரைக்காரர்களுக்கு, குதிரை இல்லாமல் பாய்வது எப்படி என்று தெரியவில்லை. இருபது அடியில் வந்து நின்று, பழக்கத்தில் ஓடுவதுபோலத் திரும்பினார்கள், துரத்த யாரும் வராததால் திரும்பவும் வந்து நின்றார்கள். இடைவெளியில் நின்றிருந்த இல்லாத குதிரையின் கழுத்தை ஒருவர் தட்டிக்கொடுத்ததை அவள் பார்த்தாள்.

உச்சி வெயில் ஏறியது. வரிசையில் ஒரு சிப்பாய் மயங்கி உட்கார்ந்தான், பின்னால் இருந்தவன் அந்த இடத்துக்கு வந்து அவனும் உட்கார்ந்தான். லால்கான் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார், நடந்து பழக்கமில்லாத கால், இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பூங்காவனம் மோர்க்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு படைக்கும் நடுவில் இறங்கினாள். முதல் சொம்பை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அதைத் தானே குடித்துவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் மாறிமாறி ஊற்றினாள். தம்புசாமி சனியனைக் கழற்றி, அதன் முனையில் ஒரு மாங்காய் ஊறுகாயைக் குத்தி லால்கானிடம் நீட்டினான். லால்கான் முனையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு ஊறுகாயை எடுத்துக்கொண்டார்.

சண்டை முடிந்ததாக யாரும் சொல்லவில்லை. தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் இரண்டு தரப்பும் சொல்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் தள்ளிப்போகிறது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் முந்நூறு குதிரைக்கு லாடம் கழன்றுவிடுகிறது.

பூங்காவனத்துக்கு மட்டும் இன்னும் மனசு அடங்கவில்லை. ஒரு சொல்லை இனிமேல் யாரிடமும் கொண்டுபோகக் கூடாது என்று கரையில் போகும்போதும் வரும்போதும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்கிறாள். சனிக்கிழமை தோறும் நவக்கிரகத்துக்கு ஒரு எள் விளக்குப் போட்டுவிட்டு, கையோடு இன்னொன்றை எடுத்துவந்து மேற்குக் கரையில் துப்பாக்கிகள் சாய்த்துவைத்திருக்கும் இடத்துக்கு எதிரே வைக்கிறாள். எதற்கம்மா இரண்டு என்று குருக்கள் கேட்டபோது, "எந்தச் சனியன் எப்ப வேலையக் காட்டுமோ, யாரு கண்டது சாமி" என்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, சாந்தினியின் கயிற்றைத் தன் தையல் மிஷினின் இரும்புக்காலில் இரண்டு முடிச்சாகப் போட்டு, மூன்று தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.